காற்றில் பிறக்கும் நீலம்
கைவினை அழகைப் பார்க்கும் கண் குறித்து: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், கெடார்



கெடார்க்காரர்களுக்கு மண்டகப்பட்டு தூரத்து ஊர் அல்ல. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு பாறைக்குன்று. அதில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. சதுரத் தூண்கள், இருபுறமும் வாயிற்காவலர், உள்ளே மூன்று வெற்று அறைகள். பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அப்படி விட்டுவிடாது. கட்டியவர்கள் தங்கள் கோயிலைப் பற்றி என்ன சொல்லிக்கொள்வார்கள் என்று நாம் எதிர்பார்ப்போமோ அது அதில் இல்லை. அழகானது, உயர்ந்தது, ஈடில்லாதது என்ற சொற்கள் எதுவும் கிடையாது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இது செய்யப்பட்டது என்கிறது அந்தக் கல்வெட்டு. பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்கு விசித்திரசித்தன் செய்வித்தது என்று முடிகிறது.

விசித்திரசித்தன் என்றும் சித்திரகாரப்புலி என்றும் பட்டம் சூட்டிக்கொண்ட அரசன் மகேந்திரவர்மன். ஓவியமும் நாடகமும் அறிந்தவன். தன் கோயிலைப் பார்க்க வருகிறவன் எதைக் கவனிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எதனால் செய்யப்பட்டது, எதைத் தவிர்த்துச் செய்யப்பட்டது, அதில் என்ன துணிச்சல் இருக்கிறது என்ற மூன்றையும் நான்கு பொருள்களின் பெயரைச் சொல்லியே உணர்த்திவிட்டான். இந்த மாவட்டத்தில் கிடைக்கிற மிகப் பழைய கலைப் பாராட்டு அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். அது பாராட்டுவது செய்முறையை.

இன்றைய சொற்பொழிவு அந்தக் கல்வெட்டின் வழியில் ஒரே ஒரு கருத்தை முன்வைக்கிறது. துணி, பானை, பாய், சொம்பு போன்ற பொருள்களின் அழகு, அவை எப்படி உண்டாயின என்று தெரிந்த கண்ணுக்கே முழுதாகக் கிடைக்கும். இதற்குச் சான்றாகப் பல கைவினைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவதைவிட, இந்த மண்ணோடு நெருங்கிய ஒன்றை எடுத்து அதனோடு நீண்ட தூரம் போவது நல்லது. அது அவுரி தரும் நீலம்.

இலையில் இல்லாத நிறம்

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்று எண்ணினால், இளைஞர்களில் பாதிப்பேர் ஜீன்ஸ் அணிந்திருப்பார்கள். அந்த ஜீன்ஸின் நிறமும் திண்டிவனம் பக்கத்து அவுரி வயலில் இருந்து வரும் நிறமும் வேதியியல்படி ஒரே பொருள்தான். ஒன்று தொழிற்சாலையில் பிறக்கிறது, மற்றொன்று செடியில் ஒளிந்திருக்கிறது.

ஒளிந்திருக்கிறது என்பது அலங்காரப் பேச்சு அல்ல. அவுரி இலையைக் கசக்கிப் பார்த்தால் நீலம் வராது. இலைக்குள் இருப்பது நிறமே இல்லாத ஒரு சேர்மம். இலையைத் தொட்டி நீரில் மூழ்க வைத்துப் பல மணி நேரம் ஊறவிட்டால் அது புளித்து உடைகிறது; நீர் மஞ்சள் கலந்த பச்சையாகிறது. பிறகு அந்த நீரை வேறு தொட்டிக்கு இறக்கி, காலாலோ துடுப்பாலோ ஓயாமல் அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கக் காற்று கலக்கிறது. நுரை பொங்கி, மெல்ல நீலமாகிறது. அடிப்பதை நிறுத்தினால் நீலத்தூள் சேறுபோல அடியில் படிகிறது. மேல்நீரை வடித்து, சேற்றைக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, அழுத்தி, வில்லைகளாக வெட்டி நிழலில் காயவைத்தால் நீலக்கட்டி.

சோழமண்டலக் கரையில் வேறொரு முறையும் வழக்கில் இருந்தது. பச்சை இலையை உடனே ஊறப்போடாமல், வெயிலில் உலர்த்தி, அடித்து இலையை உதிர்த்து, சேமித்து வைத்துப் பிறகு ஊறவைப்பார்கள். அறுவடையும் சாயத்தொட்டியும் ஒரே நாளில் ஓட வேண்டியதில்லை என்பது அதன் வசதி. அன்றைய தென்னாற்காடு, சென்னை மாகாணத்தின் அவுரி மாவட்டங்களில் ஒன்று. 1993இல் அது பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவான பிறகும் அவுரி இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. சாயத்துக்கும் தலைமுடிக்குப் பூசும் பொடிக்கும் இன்றும் பயிராகிறது. ஊறிய இலைச் சக்கை மறுபடி வயலுக்கே எருவாகப் போகிறது. பயறு வகைக் குடும்பத்துச் செடி என்பதால் மண்ணுக்கும் நல்லது.

கட்டி கிடைத்துவிட்டதால் துணி நீலமாகிவிடாது. நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் போகாது. ஆகவே இன்னொரு முறை அதைப் புளிக்கவைக்க வேண்டும். தாழியில் நீலக்கட்டியைப் பொடித்துப் போட்டு, சுண்ணாம்பு சேர்த்து, தென்னாட்டில் வழக்கமாகத் தகரை விதையை வேகவைத்து ஊற்றி நொதிக்க விடுவார்கள். சில நாளில் தாழியின் உட்புறம் மஞ்சள்பச்சையாகவும் மேலே செம்பு மினுக்கமுள்ள ஏடாகவும் மாறும். அதுதான் தாழி பக்குவப்பட்டதற்கு அடையாளம். சாயக்காரர் வாசனையைப் பார்ப்பார், விரலால் தொட்டு வழவழப்பைப் பார்ப்பார். அளவுகோல் எல்லாம் மூக்கிலும் விரலிலும்தான்.

இனித்தான் அந்தக் காட்சி. வெள்ளைத் துணியை நனைத்து, காற்றுக் குமிழி புகாமல் தாழிக்குள் இறக்கி, சற்று நேரம் அசைத்து, வெளியே எடுக்கிறார்கள். துணி மஞ்சள்பச்சையாக இருக்கிறது. காற்றுப் பட்டதும் பச்சை ஓடுகிறது, நீலம் படர்கிறது. மடிப்புகளில் கடைசியாகப் படர்கிறது. ஒரு முறை முக்கினால் வெளிர்நீலம். அடர்நீலம் வேண்டுமானால் திரும்பத் திரும்ப முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றாட விட வேண்டும். நீலத்தின் ஆழம் என்பது எத்தனை முறை ஒரு கை அந்தத் துணியை இறக்கி ஏற்றியது என்பதன் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டவர் அடர்நீலச் சேலையை அதற்கு முன்பு பார்த்த மாதிரி பார்க்க முடியாது.

விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் வரும் ஆரோவில்லில் ‘தி கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ என்ற சாயப்பட்டறை 1993 முதல் இயற்கையாக நொதிக்கும் நீலத் தாழிகளை வைத்து வேலை செய்துவருகிறது. இரசாயனக் குறைப்பான் போட்டு உடனே தயாராகும் தாழியை வேலை முடிந்ததும் கொட்டிவிடலாம். நொதிக்கும் தாழியை அப்படிக் கொட்டுவதில்லை. மாட்டுக்குத் தீனி வைப்பதுபோல நாள்தோறும் பார்த்துப் பார்த்துத் தீனி வைத்து உயிரோடு காக்கிறார்கள்.

வெட்டி எடுத்த துண்டுகள்

செய்முறையைப் படித்து அழகை அறிந்த முதல் வெளிநாட்டார் சிலர் நம் பக்கத்து ஊரில் இருந்திருக்கிறார்கள். 1730களில் அந்துவான் தெ பொலியே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரிக்கு வந்தார். பருத்தியில் நிறம் தீட்டிய சீட்டித் துணி அப்போது ஐரோப்பாவைப் பைத்தியமாக்கியிருந்தது. உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளரைக் காக்க பிரான்ஸ் 1686இல் அச்சடித்த பருத்தித் துணிக்குத் தடை போட்டிருந்தது. அந்தத் தடை 1759 வரை நீடித்தது. தடை இருந்தும் ஆசை குறையவில்லை. இந்த நிறங்கள் துவைத்தாலும் ஏன் போவதில்லை என்பது அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

பொலியே செய்த காரியம் எளியது, புத்திசாலித்தனமானது. சாயக்காரர் ஒருவர் தன் கண்முன்னே ஒரு துணியைத் தொடக்கத்திலிருந்து தீட்டும்படி ஏற்பாடு செய்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். கூடவே என்ன நடந்தது என்று எழுதினார். அந்தக் குறிப்பும் துண்டுகளும் பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. சில ஆண்டு கழித்து, 1742இல், கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியாரும் இதே கலையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதி அனுப்பினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கிறித்தவராகியிருந்த சீட்டிக்காரர்கள்.

அந்தக் குறிப்புகள் சொல்லும் முறை இன்றும் கலம்காரி தீட்டுவோருக்குப் புதிதல்ல. முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காயவைப்பது. கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடிக்கும்; பாலின் கொழுப்பு தீட்டும் கோடு பரவாமல் தடுக்கும். பிறகு இரும்பை ஊறவைத்த புளித்த நீரால் கருங்கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டி, சாயவேர் போட்ட கொதிநீரில் துணியை இறக்கினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்கு வழி வேறு. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மூடி, துணியை அவுரித் தாழியில் முக்கி எடுத்து, பிறகு மெழுகை உருக்கி நீக்க வேண்டும். கடைசியாக மஞ்சள் வரும். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலோ அகமதாபாதில் 1949இல் தொடங்கிய காலிக்கோ அருங்காட்சியகத்திலோ பழைய சோழமண்டலச் சீட்டிகளைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கண்டு வியப்பதுண்டு. பூக்கள் சிவப்பு, இலைகளோ நீலம். நீல இலை வரைந்தது ஏதோ விசித்திரக் கற்பனை என்று தோன்றும். கற்பனை ஒன்றுமில்லை. எளிதில் மங்கும் மஞ்சள் முந்நூறு ஆண்டில் போய்விட்டது. அடியில் இருந்த அவுரி போகவில்லை. சீட்டிக்காரர் அன்று தீட்டியது பச்சை இலைதான். செய்முறை தெரிந்தவர் கண்ணுக்கு அந்தப் பச்சை இன்றும் தெரியும்.

பாலைவனத்துப் பரிசோதகர்கள்

அழகை ரசிப்பது படித்தவர் வேலை, வாங்குவது மற்றவர் வேலை என்று ஒரு பிரிவினை நம்மிடையே இருக்கிறது. புதுச்சேரியின் நீலத்துணி வரலாறு அந்தப் பிரிவினையை உடைக்கிறது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து ‘கினே’ எனப்பட்ட அடர்நீலப் பருத்தித் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. செனகல் ஆற்றங்கரையில் மூர் இன வணிகர்கள் அதைப் பெற்றுக்கொண்டு வேலமரப் பிசினைக் கொடுத்தார்கள். ஒரு துண்டு கினே அங்கே நாணயம்போலவே செல்லுபடியானது. பிசினின் விலையே துணிக்கணக்கில் பேசப்பட்டது. அந்தப் பிசின் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே துணி அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டிப்படுத்த உதவியது. தென்னாற்காட்டு அவுரியும் சகாராவின் மரப்பிசினும் பிரெஞ்சு ஆலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

இந்த வணிகத்தைக் கண்ட பிரான்ஸின் ரூவான் நகர ஆலைக்காரர்கள் தாங்களே கினே செய்து அனுப்பிப் பார்த்தார்கள். விலை குறைவு. ஆனாலும் மூர்கள் தொடவில்லை. துணியை மோந்து பார்த்து, தேய்த்துப் பார்த்து, மினுக்கத்தைப் பார்த்து இது இந்தியத் துணி அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒட்டக வணிகர்களின் தேர்ச்சிக்கு முன் ஐரோப்பிய ஆலைகள் நெடுங்காலம் தோற்றுப்போயின.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்துக் கலபாரி மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். சென்னைக் கட்டம்போட்ட கைத்தறித் துணி அவர்களிடம் ‘இன்ஜிரி’ என்ற பெயரில் பிறப்புக்கும் இறப்புக்கும் வேண்டிய துணியாயிற்று. அந்தத் துணியில் சில நூல்களை மட்டும் நுணுக்கமாக வெட்டி உருவி எடுத்து, கட்டத்துக்குள் புதுக் கோலம் வரவைப்பது அவர்கள் பெண்களின் கலை. நெய்தவர் கூட்டிய அழகின் மேல், உடுத்துகிறவர் கழித்துச் சேர்க்கும் அழகு. நெசவு எப்படி ஓடுகிறது என்று அணுஅணுவாகத் தெரியாதவரால் அந்த நூலை வெட்ட முடியாது.

இதற்கு எதிர்முனையில் ஒரு கதை ஆடை வணிக உலகில் பலமுறை சொல்லப்படும். 1958இல் நியூயார்க்கின் பெரிய துணிக்கடை ஒன்று சென்னைக் கட்டத்துணியை வாங்கிச் சட்டையாகத் தைத்து விற்றது. குளிர்ந்த நீரில் பதமாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. இயந்திரத்தில் போட்ட சட்டைகள் நிறம் கக்கின. வழக்கு வரை பேச்சு போனது. பிறகு விளம்பரக்காரர்கள் அதையே பெருமையாக்கி, நிறம் இறங்கும் என்பதே இந்தத் துணியின் உத்தரவாதம் என்று விற்றார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகும் அழகைத் தேடி அமெரிக்க மாணவர்கள் வாங்கினார்கள். துணி மாறவில்லை. அதைப் பற்றிய அறிவு மாறியதும் குறை குணமாயிற்று.

நீலக் கையுடன் ஒரு கவிஞர்

ஐரோப்பாவில் இந்தப் பாடத்தை முழுமூச்சாகப் படித்தவர் வில்லியம் மாரிஸ். கவிஞர், வடிவமைப்பாளர், பிற்காலத்தில் சோசலிஸ்ட். ஆலைச் சாயங்களின் பளிச்சென்ற நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்காகக் கட்டுரை எழுதிவிட்டு நிற்கவில்லை. 1875 முதல் லீக் என்ற ஊரில் தாமஸ் வார்டிலின் சாயப்பட்டறையில் தாமே தாழியில் கைவிட்டு வேலை கற்றார். கை நீலமாகவே ஊரைச் சுற்றினார். 1881இல் மெர்ட்டன் ஆபியில் சொந்தப் பட்டறை அமைத்தார்.

1883இல் அங்கே உருவான ‘ஸ்ட்ராபெரி திருடன்’ என்ற துணி இன்று கோப்பை, குடை, நாட்குறிப்பு எல்லாவற்றிலும் அச்சாகிறது. பழத்தைக் கொத்தும் பறவைகள் எல்லார்க்கும் தெரியும். அதன் நீலம் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. துணி முழுவதையும் முதலில் அவுரித் தாழியில் முக்கி நீலமாக்கி, பிறகு வேண்டிய இடங்களில் மட்டும் நீலத்தை வெளுத்தெடுத்து, அந்த இடங்களில் சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்கள். பல நாள் பிடிக்கும் வேலை. மாரிஸின் விலை மிகுந்த அச்சுத்துணிகளில் அது ஒன்று. கணினியில் அச்சான கோப்பைக்கும் அந்தத் துணிக்கும் படம் ஒன்றே. அழகு ஒன்றல்ல.

மாரிஸின் சிந்தனையை நம் பக்கம் கொண்டுவந்தவர் ஒரு தமிழரின் மகன். ஆனந்த குமாரசாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசாமி. படித்தது நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்காக ஊர் ஊராகக் கல் பொறுக்கப் போனவர், கம்மாளரும் நெசவாளரும் பாய் முடைவோரும் அழிந்துவருவதைக் கண்டார். 1908இல் வந்த அவரது பெருநூல், இலங்கையின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியது. மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் இருந்த அதே அச்சுப்பொறியில் அது அச்சானது. பிற்காலத்தில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்து எழுதியபோதும் அவர் விடாமல் வாதிட்டது ஒன்றையே: நுண்கலை உயர்ந்தது, அலங்காரக் கலை தாழ்ந்தது என்ற பிரிவு நம் மரபில் இல்லை, நன்றாகச் செய்யப்பட்ட எதுவும் கலைதான்.

ஜப்பானில் யனாகி சோயெட்சு 1920களின் நடுவில் இதே போன்ற முடிவுக்கு வேறு வழியில் வந்தார். பெயரில்லாதவர் அன்றாடப் பயன்பாட்டுக்குச் செய்த கிண்ணம், துணி, கூடை ஆகியவற்றுக்காகவே 1936இல் டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். ஜப்பானியத் தேநீர்க் கலையில் தலைசிறந்ததாகப் போற்றப்படும் ஒரு கிண்ணம், கொரியக் குயவர் சாதாரணச் சோற்றுக்கெனச் செய்தது என்பதை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டினார்.

சொம்புக்குக் கேட்ட கேள்விகள்

1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நாடு சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாதில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அது காரணமாயிற்று. தாஜ்மகாலையோ தஞ்சைப் பெரிய கோயிலையோ அவர்கள் தலையில் தூக்கிவைக்கவில்லை. இந்தியாவில் கண்ட பொருள்களிலேயே மிகவும் வியந்தது சொம்பை என்றார்கள்.

வியந்ததோடு விடாமல், இன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து சொம்பை வடிவமைப்பதானால் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பட்டியலிட்டார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தூக்குகிறவர் ஆணா பெண்ணா? இடுப்பிலா, தலையிலா? நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், காலியானால் எங்கே? ஊற்றும்போது எப்படிச் சாயும்? வாய்க்குள் கைபோய்த் தேய்க்க முடியுமா? வெயிலில் தொட்டால் எப்படி இருக்கும்? பட்டால் என்ன ஓசை? எந்த ஒரு மனிதரும் தனியாக இத்தனைக்கும் விடை கண்டிருக்க முடியாது, தலைமுறைகள் சேர்ந்து வடித்த வடிவம் இது என்பது அவர்கள் முடிவு. இந்தக் கேள்விகளை வில்லியனூர் சுடுமண் குதிரைக்கும், திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைக்கும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் ஏற்றபடி மாற்றிக் கேட்கலாம். மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. மூன்றும் இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்.

பக்கத்து ஊர்ப் பாடங்கள்

கெடாரைச் சுற்றியே பார்க்கப் பழகுவதற்கு நிறைய இருக்கிறது. பனமலையில் ராஜசிம்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலின் சிற்றாலயம் ஒன்றில் உமையின் ஓவியம் மிஞ்சியிருக்கிறது. ஒரு காலை மடித்துப் பின்சுவரில் ஊன்றி, தலை சாய்த்து, ஈசனின் ஆடலைப் பார்த்து நிற்கிறாள். மேலே குடை. பார்க்கிறவர் கண் முகத்திலேயே தங்கிவிடும். கொஞ்சம் கீழே இறங்கினால், மணிமுடியின் அடுக்கும் அணிகளின் கோப்பும் உடலோடு ஒட்டி ஓடும் ஆடையின் வரியும் கிடைக்கும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய துணி எதுவும் நம் ஈரக்காற்றில் தப்பவில்லை. அந்தக் காலத் துணியையும் நகையையும் அறிய இத்தகைய சுவர்தான் சாட்சி.

வளவனூர் பக்கம் சிறுவந்தாட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. பட்டுச்சேலையில் பலரும் முதலில் பார்ப்பது ஜரிகையின் பளபளப்பை. தறியடியில் நின்றவர் முதலில் பார்ப்பது உடலும் கரையும் சேரும் இடத்தை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிற ஊடை, இரு கரைக்கும் வேறு நிற ஊடை என்று மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு வரியிலும் இரு நிற நூல்களும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். கரைப்பக்கத்து நாடாவை வீச இன்னொருவர் துணைக்கு உட்காருவார். அந்தக் கவ்வலைப் பல்பல்லாக ஏற்றி இறக்கினால் கோபுர வரிசை உண்டாகிறது. ஆக, கரையில் நாம் காணும் கோபுரம் மேலே ஒட்டிய அலங்காரம் கிடையாது. இரண்டு நிறங்களை இணைக்க வேண்டிய கட்டாயமே அங்கே வடிவமாகியிருக்கிறது.

கலாக்ஷேத்திராவில் 1937இல் நெசவுக்கூடம் தொடங்கியபோது ருக்மிணி தேவி அருண்டேல் நாடியதும் இந்தப் பழைய கோர்வைக் கரைகளையும், அகன்ற வரிகளையும், கலங்கலில்லாத நிறச் சேர்க்கைகளையும்தான். மேடையில் நடனம் ஆடுபவர் உடுத்தும் துணியும் நடனத்தின் பகுதி என்று அவர் கருதினார். இன்று ‘கலாக்ஷேத்திராச் சேலை’ என்று கடையில் கேட்டு வாங்கும் ரசனை ஒரு தனிமனிதரின் கண் பலருடைய கண்ணைத் திருத்தியதன் விளைவு.

வாசல் கோலத்தையும் விட்டுவிட முடியாது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் அமைப்பு விதிகளைக் கணினி மொழியின் இலக்கணமாக எழுதி 1974இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். புள்ளி வரிசையும் கோடு சுற்றும் முறையும் சில விதிகளுக்குள் அடங்கி, அந்த விதிகளிலிருந்து எண்ணற்ற கோலங்கள் பிறக்கின்றன என்று காட்டினார்கள். கோலமிடும் பெண்கள் அந்த விதிகளை விரலில் வைத்திருந்தார்கள்.

அழகின் செலவுக் கணக்கு

செய்முறையைப் பார்க்கத் தொடங்கினால் செய்தவரையும் பார்த்தாக வேண்டும். அது எப்போதும் இனிய காட்சி இல்லை. வங்காளத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் உழவரை அடித்து அவுரி போடவைத்தார்கள். 1859இல் வெடித்தது நீலக் கலகம். தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ நாடகம் 1860இல் அதை உலகறியச் செய்தது. 1917இல் காந்தி சம்பாரண் போனதும் அவுரிக் கொடுமைக்காகவே. உலகம் ரசித்த நீலத்தில் அந்த உழவர்களின் கண்ணீரும் உண்டு.

1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூலக்கூறின் அமைப்பை 1883இல் கண்டறிந்த அடால்ஃப் ஃபான் பேயருக்கு 1905இல் நோபல் பரிசும் கிடைத்தது. சில பத்தாண்டுகளில் அவுரி வயல்கள் சுருங்கின. இதைக் கேடு என்று மட்டும் சொல்வதும் நேர்மையல்ல. ஏழைக்கும் எளிய விலையில் நிறத்துணி கிடைத்தது அதனால்தான். இயற்கைச் சாயம் என்ற சீட்டு ஒட்டியதாலேயே துணி அழகாகிவிடாது. அவசரத்தில் முக்கிய அவுரித்துணி, பொறுமையாக ஏற்றிய செயற்கை நீலத்துக்கு நிகராகாது. சீட்டைப் பார்க்கும் பழக்கமும் ஜரிகைப் பளபளப்பைப் பார்க்கும் பழக்கமும் ஒரே வகைச் சோம்பல்.

மாரிஸும் இந்தச் சிக்கலில் அகப்பட்டவர். பாட்டாளிக்கு அழகு வேண்டும் என்று மேடைகளில் முழங்கினார். அவர் பட்டறைத் துணியை வாங்க முடிந்தவர்கள் பணக்காரர்களே. இங்கே நிலை இன்னும் கடினம். 2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5000 ரூபாய்கூட ஈட்டவில்லை. கோர்வைக்குத் துணையாக உட்கார ஆள் கிடைக்காததால் ஒருவரே நெய்யக்கூடிய எளிய கரைகள் பெருகுகின்றன. வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாதபோது, அந்தக் கூடுதல் உழைப்புக்குக் கூலி கேட்க நெசவாளருக்கு வாய் இருக்காது. ரசனை குறைந்த இடத்தில் முதலில் குறைவது கூலிதான்.

இனிச் செய்யக்கூடியது

அருங்காட்சியகம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாவட்டத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தோட்டத்தில் ஒரு பாத்தி அவுரி விதைக்கலாம். வேதியியல் ஆசிரியருக்கு ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் விளக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது: துணி பச்சையாக வெளிவந்து கண்ணெதிரே நீலமாகும்போது எந்த மாணவரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வரலாற்று ஆசிரியர் அதே துணியை வைத்துப் புதுச்சேரியையும் செனகலையும் சம்பாரணையும் சொல்லிவிடலாம். சுற்றுலா என்று மாணவரைத் தூரத்துப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து, ஒரு முறை மண்டகப்பட்டு, பனமலை, சிறுவந்தாடு என்று திரும்பட்டும்.

வீட்டில் பழைய சேலை இருந்தால், பழையது போட்டுப் பாத்திரம் வாங்கும் முன் அதன் கரை, நிறம், வாங்கிய ஊர், உடுத்தியவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சேலையோடு வைக்கலாம். பொலியே வெட்டி வைத்த சிறு துண்டுகள்தான் இன்று உலகத்துக்குச் சோழமண்டலச் சாயக்கலையின் ஆவணம். நம் பாட்டிமார்களின் இரும்புப் பெட்டிகளில் அதைவிடப் பெரிய ஆவணக்காப்பகம் இருந்தது. பாதி போய்விட்டது, மீதி இருக்கிறது.

கடைக்குப் போகிறவர்கள் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கைத்தறியின் ஓரத்தில், துணியை விரித்துப் பிடிக்கும் குச்சியின் முனை குத்திய சிறு துளைகள் இருக்கும். கோர்வையானால் பின்புறத்திலும் நிறங்கள் கவ்வியிருப்பது தெரியும். கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது; அது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். இத்தனையும் பார்த்த பிறகு விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நெய்தது எந்த ஊர்? சாயம் ஏற்றியது யார்? இந்தக் கரைக்கு எத்தனை நாள் ஆனது? பெரும்பாலான கடைகளில் இன்று விடை கிடைக்காது. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விசாரிப்பார். நூறு பேர் கேட்டால் எழுதி வைப்பார். அப்படி எழுதப்படும் பெயர்களில் சிறுவந்தாட்டு நெசவாளர் பெயரும் திண்டிவனத்துச் சாயக்காரர் பெயரும் வர வேண்டும் என்பதே இந்த அவையிடம் வைக்கும் வேண்டுகோள்.